ஒரே துணியில் இரண்டு கைலி

2000 ஜூலை 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ரங்கூன் தின்கன்ஜூனில் எங்கள் தெரு முழங்கால் தண்ணீர். தங்கச்சி ரோஸ் இன்றைக்கு வெளியே போகாதே என்றாள். எனக்கு வாரத்தில் விடுமுறையாகக் கிடைப்பதே இந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான், அதையும் வீட்டில் படுத்துக் கழிப்பேனா? முதுகுவலி, டாக்டர் ஆவி பிடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை.

கியாக்டடாவில் ஒரு சினிமாக் கொட்டகையை நான்தான் நடத்துகிறேன். வெளியில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வாசலில் நின்று டிக்கெட்டைப் பாதி கிழித்து உள்ளே விடுவது என் வேலை. ஆனால் யோசித்துப் பார்த்தால் வாசல் இல்லாமல் கொட்டகை ஏது?

பஸ்ஸில் பசுந்தாங் போய்க் கால்வாய் ஓரம் நடந்து வெந்நீர்க்கடை சேர மூன்று மணி. பலகையில் ‘வாதம், முதுகுவலி, நரம்புத் தளர்ச்சிக்கு நீராவிக் குளியல்’ என்று பர்மிய எழுத்தில் இருக்கும். முதலாளி ஊ தான் ஷெய், ஊ என்பது மரியாதைக்கு, ஆள் சீனக் கலப்பு. அவருடைய தாத்தா காலத்தில் அரிசி ஆலைக் கூலிகள் தவிடு போகக் குளித்த இடமாம். யுத்தத்தில் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு மரத்தொட்டி போட்டான். அதில் ஒரு ஜெனரல் குளித்த தொட்டியில்தான் நான் முதல்முதல் இறங்கினேன்.

ஜெனரல் கதை நான் சேர்த்தது. தொட்டி மட்டும் நிஜம்.

2000 ஜூலை 11, செவ்வாய்

வெந்நீர்க்கடை. ஆறு பேர்தான். உலையில் விறகு ஈரம், ஆவி மெதுவாகத்தான் ஏறியது.

எழுதி வைக்கிறேன், நான் போனபிறகு இதை யார் எழுதப்போகிறார்கள்? அங்கே குளிக்க வருகிற யாருக்கும் பெயர் கிடையாது. பிறந்த கிழமைதான் பெயர். நான் கோ வெள்ளி, கோ என்றால் அண்ணன். மூலையில் உட்காரும் பள்ளிக்கூட வாத்தியார் கோ திங்கள். பர்மியக் கணக்கில் புதன்கிழமை மத்தியானத்துக்குமேல் பிறந்தவன் புதன் அல்ல, ராகு. ஆக மொத்தம் எட்டுப் பெயர்தான், அதற்குமேல் ஆள் வந்தால் பெரிய திங்கள், சின்னத் திங்கள். வேலை, ஊர், குடும்பம் எதுவும் கேட்கக்கூடாது. ஒருத்தன் தானாகச் சொன்னாலும் காதில் வாங்கக்கூடாது. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் கலைந்துவிட வேண்டும். இருட்டியபின் தெருவில் நின்றாலே பிடித்துப்போக போலீசுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அதனால் எங்கள் ராஜ்ஜியமெல்லாம் மூன்று மணி முதல் ஐந்தரைவரை.

பர்மாக்காரர்கள் எங்களைப் போன்றவனை அபோன் என்பார்கள். ஒளிந்திருப்பவன். ஆண்பிள்ளையாக நடந்து, ஆண்பிள்ளையாகக் கோயிலுக்குப் போய், செவ்வாய்க்கிழமை மட்டும் ஒளிந்துகொள்பவன்.

நாலைந்து வருஷத்துக்கு முன் கோ ஞாயிறு இளைத்துக்கொண்டே வந்தார். பிறகு வரவில்லை. என்ன வியாதி என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. சாவுக்குப் போகலாமென்றால் எந்த வீடு, என்ன பெயர்? அன்று ஊ தான் ஷெய் ஒரு துண்டை மடித்து அவர் உட்காரும் பலகையில் வைத்தார். அவ்வளவுதான் அடக்கம்.

எண்பத்தெட்டுக் கலவரத்தில் மூன்று மாணவர்களை அந்தத் தொட்டியறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினேன் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை நம்புகிறார்கள். ஒளிந்தவன் நான் ஒருத்தன்தான்.

2000 ஜூலை 16, ஞாயிறு

பூசை முடிந்து எல்லாரும் எங்கள் மாடியில் சாப்பாடு. ரோஸ், அவள் மகள் ஜாஸ்லின், மாப்பிள்ளை ராபர்ட். கீழ்வீட்டில்தான் மகளும் மாப்பிள்ளையும் குடித்தனம், ரோஸ் என்னோடு மாடியில். ராபர்ட் கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் குமாஸ்தா, கோயில் பாடற்குழுவில் நல்ல குரல். தாய்மாமன் என்ற முறையில் அந்தச் சம்பந்தத்தை முடித்தவன் நான். ரங்கூன் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்து எடுத்த மாப்பிள்ளை என்று இன்றைக்கும் சொன்னேன். ராபர்ட் தலை நிமிராமல் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

நானும் அவனும் ஒரே மாதிரி கைலி. ஈஸ்டருக்கு ஜாஸ்லின் ஒரே துணியாக வாங்கி, பழுப்பில் சின்னக் கட்டம், இரண்டாக வெட்டி இருவருக்கும் மூட்டிக் கொடுத்தாள். ஒரே கொடியில் காயப்போட்டால் மாறிப்போகுமே என்று மாப்பிள்ளையுடையதைச் சிவப்பு நூலிலும் என்னுடையதை வெள்ளை நூலிலும் தைத்திருக்கிறாள். அண்ணனும் தம்பியும் மாதிரி இருக்கிறீர்கள் என்று ரோஸ் சிரித்தாள்.

சரி, எழுதிவிடுகிறேன். ராபர்ட்டும் வெந்நீர்க்கடைக்கு வருபவன். கல்யாணம் ஆனபிறகு ஒருநாள் அங்கே தற்செயலாகப் பார்த்தேன். அன்றே பேசி முடித்துக்கொண்டோம். எனக்குச் செவ்வாய், அவனுக்குச் சனி. ஒரே நாளில் இருவரும் போவதில்லை. அதற்குமேல் அந்தப் பேச்சே எங்களுக்குள் கிடையாது.

2000 ஜூலை 19, புதன்

தியாகிகள் நாள். கொட்டகை மூடல். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று செவ்வாயில்லாத நாளில் போனேன். போயிருக்கக் கூடாது.

ஆவி நன்றாக ஏறியிருந்தது, எதிரில் உட்கார்ந்தவன் முழங்கால்கூடத் தெரியவில்லை. நாலே கால் இருக்கும், கரண்டு போனது. வாசலில் இரண்டுபேர் டார்ச் அடித்தார்கள். போலீஸ் என்று யாரோ சொன்னான். ஒரு சத்தமில்லை, யாரும் கூவவில்லை, எல்லாரும் சுவரைத் தடவிக்கொண்டே வந்து ஆணியிலிருந்து கையில் கிடைத்ததை உருவிக் கட்டிக்கொண்டு பின்வழியாகக் கால்வாய்ப் பக்கம் இறங்கிவிட்டோம். நான் முதலில் மற்றவர்களை வெளியேற்றிவிட்டுக் கடைசியாக—

இல்லை. முதல் ஆளாக ஓடினேன். ஒரு கிழவரின் காலை மிதித்துக்கொண்டு ஓடினேன்.

பாலத்தடியில் மூச்சு வாங்கும்போது கோ திங்கள் வந்து சேர்ந்தார். டார்ச் அடித்தவர்கள் மின்மீட்டர் பார்க்கிறவர்களாம். சிரித்தோம். கைலி என்னுடையதுதானா என்று பார்த்தேன். பழுப்பு, சின்னக் கட்டம். என்னுடையதுதான்.

2000 ஜூலை 20, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது ஜாஸ்லின் மாடி ஏறி வந்தாள். கையில் ஒரு கைலியும் ஒரு தகரவில்லையும். வெந்நீர்க்கடையில் உடுப்பு மாட்டும் ஆணிக்குக் கொடுக்கும் வில்லை, கடையின் பெயர் பொறித்தது. கைலி முனையில் முடிந்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். நேற்றைய அவசரத்தில் அது கைலி முடிச்சோடு வந்துவிட்டிருக்கிறது.

“மாமா, நீங்க கட்டியிருக்கிறதோட தையலைக் கொஞ்சம் காட்டுங்க.”

குனிந்து பார்த்தேன். சிவப்பு நூல்.

“இது உங்களுது, வெள்ளை நூல். நேத்து அவரு அவுத்துப் போட்டாரு, துவைக்க எடுத்தேன், முடிச்சுல இந்த வில்லை இருந்துச்சு. ஆபீஸ்ல வேலைன்னுட்டுப் போனாரு. ரெண்டு பேரும் எங்க வச்சு உடுப்பு மாத்துனீங்க?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நேற்று ஆவிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் ராபர்ட். அவனுக்கும் விடுமுறை. அவனும் தன் கிழமையை விட்டு வந்திருக்கிறான்.

உள்ளேயிருந்து வந்த ரோஸ் வில்லையை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவளுக்கு முகம் வெளுத்துப்போனது. அந்த வீட்டைப்பற்றிப் பெண்களுக்கும் காதில் விழுந்திருக்கிறது. “அங்க ஆம்பளைங்க...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்தேன். ஐம்பத்தாறு வருஷமாகக் கதை சொல்லிப் பழகிய வாய். அதுபாட்டுக்குச் சொன்னது. மாப்பிள்ளையைப் பற்றி மூன்று மாதமாக எனக்குச் சேதி வந்துகொண்டிருந்தது, உங்களைக் கலங்கடிக்க வேண்டாமென்று நான் ஒருத்தனே சுமந்தேன், நேற்றுப் பின்னாலேயே போனேன், உடுப்பைக் கழற்றாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நானும் ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன், அவனைக் கண்டதும் கன்னத்தில் ஒன்று வைத்தேன், அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது, கைலி மாறிவிட்டது.

சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்ததுபோல் இருந்தது. கன்னத்தில் வைத்த கை வலித்தது.

ஜாஸ்லின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரோஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீ இல்லேன்னா எங்களுக்கு யாருண்ணே இருக்கா” என்றாள்.

அதே நாள், மாலை

ராபர்ட் ஆறு மணிக்கு வந்தான். ரோஸ்தான் கேட்டாள். நான் ஜன்னலோரம் நின்றேன். ஒரே ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. மாமாவும் அங்கே குளிக்கத்தான் வருவார் என்று சொன்னால் நான் முடிந்தேன்.

என்னை ஒருதரம் பார்த்தான். அதற்கு மேல் பார்க்கவில்லை.

“மாமா சொன்னது சரிதான். என்னையத் தேடித்தான் வந்தாரு.”

“அடிச்சாரா?” ரோஸ் விடவில்லை.

“அடிச்சாரு.”

நான் அடிக்காத அடியையும் வாங்கிக்கொண்டு பெட்டியில் நாலு உடுப்பை வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

2000 ஜூலை 23, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நன்மை அப்பம் வாங்கவில்லை. பல்வலி என்றேன்.

2000 ஜூலை 30, ஞாயிறு

கோயில் வாசலில் பெண்கள் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. தாய்மாமன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்கள். ஒருத்தி தன் மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றியும் விசாரித்துச் சொல்லமுடியுமா என்று கேட்டாள். பாடற்குழுவில் ராபர்ட் நிற்கும் இடம் காலியாக இருந்தது. இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கீழ்க்குரல் இல்லாமல் பாட்டு பறந்துகொண்டே இருந்தது, கால் ஊன்றவில்லை.

எனக்கு ஒரு தட்டில் கேக் கொடுத்தார்கள். தின்றேன்.

2000 ஆகஸ்ட் 5, சனி

என் நாக்கை அறுத்து எறியவேண்டும்.

கொட்டகைப் பக்கத்துப் பழனியப்பன் டீக்கடையில் இன்று அந்தக் கதையைக் கேட்டார்கள். கேட்டால் நிறுத்தத் தெரியாதா எனக்கு? கன்னத்தில் ஒன்று என்பது மூன்றாயிற்று. முதலாளியை மேசையோடு தள்ளியதாயிற்று. ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் எனக்குக் கைகொடுத்ததாயிற்று. எல்லாரும் பெஞ்சை நெருக்கிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள், பழனியப்பன் எனக்கு மட்டும் பால் தூக்கலாக இன்னொரு டீ கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் ராபர்ட்டின் பெயரைச் சொல்லிவிட்டேன். எந்த ஆபீஸ் என்றும் சொன்னேன். அந்தக் கப்பல் ஆபீஸ் டீக்கடைக்கு அடுத்த படிக்கட்டு.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டேன். ரோஸ் பித்தம் என்று இஞ்சி கொடுத்தாள்.

2000 ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா பரலோகம் போன திருநாள். பூசைக்குப் போகாமல் பசுந்தாங் போனேன். ஒரு மாதம் ஆகிறது போய். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. அங்கே அழலாம், வேர்வை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஊ தான் ஷெய் எழுந்து நின்றார். எனக்காக அவர் எழுந்ததே கிடையாது. இரண்டு கையாலும் துண்டை நீட்டி, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னார்:

“வாங்க, ஊ சிங்கராயர். தின்கன்ஜூனிலிருந்து இந்த மழையில் வந்தீர்களா? கொட்டகை வேலையெல்லாம் நன்றாகப் போகிறதா? தங்கை டோ ரோஸ் சௌக்கியம்தானே?”

இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கூரையின்கீழ் யாரும் யாருடைய பெயரையும் சொன்னதில்லை. பெயர், ஊர், வேலை, தங்கை, நான்கையும் மரியாதையாக எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். கோ திங்கள் பலகையிலிருந்து எழுந்து, என்னைத் தெரியாதவர் மாதிரி ஒதுங்கி நடந்து, உடுத்திக்கொண்டு போனார். பின்னால் இன்னொருவர். அப்புறம் எல்லாரும்.

டீக்கடைக் கதை அவர்கள் காதுக்கும் வந்துவிட்டது. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

துண்டை மடித்தபடியே வைத்துவிட்டு வந்தேன்.

2000 ஆகஸ்ட் 23, புதன்

ராபர்ட்டை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பழனியப்பன்தான் சொன்னார், ஏதோ எனக்கு நல்ல சேதி சொல்கிற மாதிரி.

2000 ஆகஸ்ட் 24, வியாழன்

ஜூலை 16-ந்தேதி இந்த நோட்டில் ஒரு பொய் எழுதினேன். நோட்டைப் படிக்கப்போவது நான் ஒருத்தன். என்னிடமே எதற்குப் பொய்?

ராபர்ட்டை அங்கே பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு இல்லை. தொண்ணூற்றாறு மழைக்காலம். மேல்பலகையில் உட்கார்ந்திருந்தேன், ஆவிக்குள் யாரோ வழுக்கி விழப்போய், “அம்மாடி” என்றான். தமிழ். அந்தக் கடையில் அதுவரை நான் என் காதால் தமிழ் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் ராகு. ஒன்றரை வருஷம் செவ்வாய்தோறும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பேச்சு மட்டும்தான். உறவுக்காரர் கதை, கோயில் கதை, எந்தக் கடையில் நல்ல கருவாடு. இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆவியில் உட்கார்ந்து இரண்டு ஆண்கள் கருவாடு பேசினார்கள் என்று.

ரோஸ் மகளுக்கு மாப்பிள்ளை தேடினாள். நான் ராபர்ட்டைக் காட்டினேன். முதலில் அவனிடம்தான் கேட்டேன். வேண்டாம் மாமா, நான் எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா, அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு என்றான். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். எப்படித் தெரியும் எனக்கு? நான் கல்யாணமே செய்துகொள்ளாதவன். வீட்டில் அவனுடைய அம்மாவும் நெருக்கினாள், நானும் விடவில்லை. கடைசியில் சரி என்றான். கல்யாணத்துக்குப் பிறகுதான் கிழமையைப் பிரித்துக்கொண்டோம்.

ஏன் செய்தேன்? ஜாஸ்லினுக்கு நல்ல மாப்பிள்ளை என்றா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசையில் அவன் உட்கார்ந்து சாப்பிடுவான் என்றுதான். நான் செத்தால் என் சவப்பெட்டியை அவன் சுமப்பான் என்றுதான்.

அங்கே குளிக்கப் போனதற்கு நான் வெட்கப்பட்டது ஒரு வெட்கமா. அதையெல்லாம் இன்றைக்குத் தூக்கித் தருகிறேன். இந்த வெட்கத்தை எடுத்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா?

2000 செப்டம்பர் 2, சனி

பாவசங்கீர்த்தனம். புதுச் சாமியார் கரேன்காரர், தமிழ் தெரியாது, பர்மிய மொழியில்தான் சொல்லவேண்டும். நான் அங்கேயும் ஆரம்பித்துவிட்டேன். மருமகன் கெட்ட இடத்துக்குப் போனான், குடும்ப மானத்துக்காக நான் போனேன், கோபத்தில் அடித்துவிட்டேன், அது பாவமா என்று கேட்டேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, இதுவரை நீங்கள் சொன்னதெல்லாம் அடுத்தவருடைய பாவம், உங்களுடையது எப்போது வரும் என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். பாவமன்னிப்பு இல்லாமல்.

2000 செப்டம்பர் 9, சனி

மறுபடி போனேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன், தொண்ணூற்றாறிலிருந்து. என்னிடம் சொல்லிவிட்டீர்கள், நான் ஏமாற்றப்பட்டவன் இல்லையே என்றார். அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள் என்றார்.

2000 செப்டம்பர் 13, புதன்

சொல்லவில்லை.

2000 செப்டம்பர் 17, ஞாயிறு

ரோஸ் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஜாஸ்லின் தையல் மெஷினில் யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே இறங்கிப்போய்க் கதவருகில் நின்றேன். அவள் தலை தூக்காமலே கேட்டாள்.

“மாமா, அவரை நீங்கதானே கொண்டுவந்தீங்க. மொதல்ல எங்க பார்த்தீங்க?”

கோயில்ல, பூசையில நிருபம் வாசிச்சிட்டிருந்தான், அந்தக் குரலைக் கேட்டதும்— நூறு தடவை சொன்ன கதை நாக்கில் வந்து நின்றது. அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

“அங்கதான்” என்றேன்.

“எங்க?”

“வெந்நீர்க்கடையில.”

“கல்யாணத்துக்கு முன்னாடியா?”

“ஒன்றரை வருஷம் முன்னாடி.”

“நீங்க எதுக்கு அங்க போனீங்க?”

“நானும் அப்படித்தான்மா. நீ பொறக்குறதுக்கு முன்னாலேருந்தே.”

அவள் அழவில்லை. ஊசியிலிருந்து நூலை எடுத்தாள், மறுபடி கோத்தாள், கோக்க வரவில்லை.

“அடிச்சது?”

“அடிக்கல. நான் அவனைப் பார்க்கவே இல்ல. அன்னைக்கு நீ வந்து கேட்டப்பதான் அவன் அங்க இருந்ததே எனக்குத் தெரியும்.”

“அப்ப அவரு ஏன் ஆமான்னாரு?”

“என்னையக் காப்பாத்த.”

நூலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். இதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை.

“ரெண்டரை வருஷம் மாமா. எங்கிட்ட என்ன கொறைன்னு கண்ணாடியில என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தேன். பவுடரை மாத்துனேன். மெலிஞ்சேன். நீங்க தெனம் மாடியிலேருந்து எறங்கி வந்து, எப்படிம்மா இருக்கேன்னு கேப்பீங்க.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த மொழியில் கேட்பது?

2000 செப்டம்பர் 18, திங்கள்

ரோஸிடமும் சொன்னேன். அவள் நம்ப ரொம்ப நேரம் ஆயிற்று. நம்பியபிறகு என் தட்டை எடுத்துத் தனியாக வைத்தாள். “சோறு போடுவேன். அதுக்குமேல எங்கிட்ட எதுவும் எதிர்பார்க்காதே” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

2000 செப்டம்பர் 26, செவ்வாய்

கொட்டகையில் போஸ்டர் அடுக்கும் அறையில் படுத்துக்கொள்கிறேன். பசை நாற்றம். வீட்டில் தனித்தட்டில் சாப்பிடமுடியவில்லை.

2000 அக்டோபர் 13, வெள்ளி

தடிஞ்சுட் விளக்குத் திருநாள். தெருவெல்லாம் மெழுகுவத்தி. டீக்கடையில் ஆள் நிறைய இருந்தார்கள். கெடுத்த இடத்திலேயே சரிசெய்வது என்று போனேன். நடுவில் நின்று சொன்னேன். ராபர்ட்டை நான் அடிக்கவில்லை, பின்தொடரவில்லை, அந்தக் கடைக்கு நான்தான் இருபத்தேழு வருஷமாகப் போகிறேன், அவனைக் குடும்பத்தில் கொண்டுவந்து மாட்டிவிட்டதும் நான்தான்.

சொல்லி முடித்ததும் பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள். பழனியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“சிங்கராயரண்ணே, போன தடவ ஒருத்தனைப் போட்டு அடிச்சீங்க, இந்தத் தடவ நீங்களே அவனா? பழைய கதைதாண்ணே நல்லாயிருந்துச்சு. இன்ஸ்பெக்டர் கைகொடுத்தது வரைக்கும் சொல்லுங்க.”

நான் கத்தினேன். கத்தக் கத்த இன்னும் சிரித்தார்கள். பொய் சொன்னபோது ஒருத்தன்கூடக் குறுக்கே கேட்கவில்லையே.

2000 அக்டோபர் 16, திங்கள்

வாயால் சொன்னால் கதை. எழுதிக் கொடுத்தால்? எனக்கு ஏழாம் வகுப்பு பர்மிய எழுத்துதான். ராபர்ட்டின் பழைய ஆபீஸ் மேனேஜருக்கு எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன், மூன்றிலும் ஏதாவது சேர்ந்துகொண்டது, ஒன்றில் நான் பெரிய கம்பெனி முதலாளி. நாலாவது தாள் இது:

‘உங்கள் குமாஸ்தா ராபர்ட்டைப் பற்றி நான் டீக்கடையில் சொன்னது பொய். அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன். சிங்கராயர், டிக்கெட் கிழிப்பவன்.’

கையெழுத்துப் போட்டு நேரில் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ராபர்ட் இரண்டு மாதமாக வேறு எங்கோ வேலை தேடுகிறான், அந்த இடத்தில் ஆள் போட்டாயிற்று என்றார். போலீசைக் கூப்பிடவில்லை. அதற்கு நன்றி சொல்லவேண்டும்.

2000 நவம்பர் 2, வியாழன்

ஆத்துமாக்கள் திருநாள். பெயர் எழுதித் தரச்சொன்னார்கள், செத்தவர்களுக்காக வாசிக்க. கோ ஞாயிற்றுக்கு என்ன பெயர் எழுதுவது? ‘ஒரு மனிதர்’ என்று எழுதினேன். சாமியார் வாசித்தார்.

2000 டிசம்பர் 25, திங்கள்

ரோஸ் கொட்டகைக்கு ஆள்மூலம் சாப்பாடு அனுப்பியிருந்தாள். உள்ளே ஒரு சீட்டும் இல்லை.

2001 ஜனவரி 18, வியாழன்

மத்தியானக் காட்சிக்கு ராபர்ட் வந்தான். கூட்டம் குறைவு. இளைத்திருந்தான். டிக்கெட்டை நீட்டினான், நான் பாதி கிழித்தேன்.

“நாளைக்கு மோல்மேன் போறேன் மாமா. ரப்பர் கடையில கணக்கெழுத.”

ஜாஸ்லினைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தானாம். உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்களாம். அவனுடைய துணியெல்லாம் அவளே மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாளாம். அவள் ஒருத்தி மட்டும் எல்லாம் தெரிந்து தன்னோடு பேசினாள் என்றான். இருவரும் சேர்ந்து கோயிலுக்குப் போய்ப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

“நீங்க எழுதிக் குடுத்த காயிதத்தை மேனேஜர் காட்டுனாரு” என்றான்.

அதற்குள் பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவன் உள்ளே போனான். காட்சி முழுவதும் நான் கதவைவிட்டு நகரவில்லை. விளக்குப் போட்டதும் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். கூட்டிப் பெருக்குகிறவள் வந்தாள். அவன் பக்கவாசல் வழியாகப் போயிருக்கிறான்.

போகும்போது எனக்குக் கை கொடுத்தான் என்று எழுத வருகிறது. கொடுக்கவில்லை.